புதுப்பிப்பு: தம்பியின் ஹெபடைடிஸ் பி முடிவு

ரத்ததானம் செய்யப் போன தம்பிக்கு ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) பாசிட்டிவ் என்று வந்ததைச் சொல்லி, அடுத்து என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். ஆறு மாதம் கழித்து எடுத்த மறுபரிசோதனையிலும் பாசிட்டிவ்தான். அதாவது இது நாள்பட்ட தொற்று. பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றினால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் சுமார் 90 சதவீதம் பேருக்கு உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் டாக்டர் அம்மாவையும் பரிசோதிக்கச் சொன்னார். அம்மாவுக்கும் இருக்கிறது. தன்னால்தான் மகனுக்கு வந்தது என்று அம்மா புலம்புவதைச் சமாளிப்பதுதான் இப்போது பெரும்பாடு.

தம்பிக்கு இப்போதைக்கு மாத்திரை இல்லை. வைரஸ் அளவு குறைவு, கல்லீரல் நொதியும் இயல்பு. ஆனால் பரிசோதனைகளை விடாமல் தொடர வேண்டும். அம்மாவுக்கு வைரஸ் அளவு அதிகம், கல்லீரலில் தழும்பும் தொடங்கியிருக்கிறது. அதனால் தினமும் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை. அது வைரஸை அடக்கும், அடியோடு அழிக்காது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் நோய் மறுபடி சீறலாம். "ஹெபடைடிஸ் சி வகை மாதிரி 12 வாரத்தில் குணமாகாதா?" என்று கேட்டவருக்கு: இல்லை, அந்த அதிர்ஷ்டம் சி வகைக்குத்தான்.

அப்புறம், எனக்குத் தொற்றும் இல்லை, எதிர்ப்பாற்றலும் இல்லை. தடுப்பூசி இரண்டு டோஸ் முடிந்தது. மூன்றாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம். தட்டு, டம்ளரைப் பிரிக்கச் சொன்ன உறவினர்களிடம் சொல்லிவிட்டேன்: சேர்ந்து சாப்பிட்டால் பரவாது. ரேசர், டூத்பிரஷ் மட்டும் தனித்தனி.