இத்தாலிக்கு ஃபேட்லிக்கர் ஏற்றுமதி: ‘ரீச் சான்றிதழ்’ என்று ஒன்று உண்டா?

பாலாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலைகளுக்கான இரசாயனங்களைத் தயாரிக்கும் சிறிய தொழிற்கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். என்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர் வேலை செய்கிறோம். இதுவரை ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு ஆலைகளுக்கு மட்டுமே சரக்கு அனுப்பி வந்தோம். இப்போது இத்தாலியின் அர்சிஞ்ஞானோ நகரத்து விற்பனையாளர் ஒருவர் ஆண்டுக்கு 16 டன் ஃபேட்லிக்கர் (தோலை மென்மையாக்கும் எண்ணெய்க் கலவை), 10 டன் பீனால் சின்டான் (தோல் பதனிட உதவும் செயற்கைப் பொருள்), 6 டன் கடுக்காய்ப் பொடி ஆகியவற்றை வாங்க முன்வந்திருக்கிறார். ஆனால், ஐரோப்பிய ஒன்றியத்தின் இரசாயனப் பதிவுச் சட்டமான ரீச் சட்டப்படி மூன்றுக்கும் பதிவெண் வேண்டும் என்று அவர் கேட்கிறார்.

இது குறித்து விசாரித்தபோது ஓர் ஆலோசனை நிறுவனம் பத்து நாளில் ‘ரீச் சான்றிதழ்’ வாங்கித் தருவதாகவும், மூன்று பொருளுக்கும் சேர்த்து 45,000 ரூபாய் ஆகும் என்றும் கூறி, மாதிரிக்காக 05 என்று தொடங்கும் எண் அச்சிட்ட ஒரு தாளையும் அனுப்பியது. தொகை மிகக் குறைவாக இருப்பதே எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. நம் நாட்டில் 1989ஆம் ஆண்டின் அபாயகர இரசாயன விதிகளின்படி நாங்கள் செய்துவரும் நடைமுறைகளோடு இதை ஒப்பிடவும் முடியவில்லை. எங்கள் ஃபேட்லிக்கரில் சல்ஃபேட் செய்த மீன் எண்ணெய் 45 விழுக்காடு, பாரஃபின் எண்ணெய் 10 விழுக்காடு, எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கச் செய்யும் எமல்சிஃபையர் 4 விழுக்காடு, மீதி தண்ணீர். யார், எங்கே, எதற்குப் பதிவு செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

வேதிச்சரக்கு எழுதியது:

ஐயா, உங்கள் சந்தேகம் சரியானதே. ஐரோப்பிய அரசு அமைப்பு எதுவும் ‘ரீச் சான்றிதழ்’ வழங்குவதில்லை. 1907/2006 என்ற எண்ணுடைய அந்தச் சட்டம் 2007 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவுகளைப் பெற்றுக்கொள்வது ஹெல்சிங்கியில் உள்ள ஐரோப்பிய இரசாயன முகமை. ஒரு வேதிப்பொருளை ஆண்டுக்கு ஒரு டன்னோ அதற்கு மேலோ ஒன்றியத்துக்குள் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் அப்பொருளின் தன்மை, நச்சுத்தன்மை, பயன்பாடு ஆகியவை அடங்கிய டோசியர் (ஆவணத் தொகுப்பு) ஒன்றைச் செலுத்திப் பதிவெண் பெற வேண்டும். பதிவு இல்லாவிட்டால் சந்தையில் இடமில்லை என்பதைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது.

ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் நீங்கள் நேரடியாகப் பதிவு செய்ய இயலாது. வழிகள் இரண்டே. உங்கள் இத்தாலிய வாடிக்கையாளர் இறக்குமதியாளர் என்ற முறையில் தாமே பதிவு செய்யலாம். அல்லது 8ஆம் பிரிவின்படி ஒன்றியத்துக்குள் இருக்கும் ஒருவரை நீங்கள் உங்கள் ‘ஒன்லி ரெப்ரசன்டேட்டிவ்’, அதாவது தனிப் பிரதிநிதியாக நியமிக்கலாம். இந்த உரிமை தயாரிப்பாளருக்கும் கலவை செய்பவருக்கும் உண்டு, வெறுமனே வாங்கி விற்கும் வணிகருக்கு இல்லை. தனிப் பிரதிநிதி பதிவு செய்துவிட்டால் உங்களிடம் வாங்கும் இறக்குமதியாளர்கள் அனைவரும் சட்டத்தின் பார்வையில் வெறும் பயனர்களாகிவிடுவர். பதிவின் சுமை அவர்கள் மேல் இராது.

பலரும் தவறுவது கணக்கில்தான். பதிவு செய்யப்படுவது டிரம்மில் உள்ள கலவை அன்று, கலவைக்குள் இருக்கும் ஒவ்வொரு வேதிப்பொருளும் தனித்தனியே. உங்கள் 16 டன் ஃபேட்லிக்கரைப் பிரித்துப் பார்த்தால் சல்ஃபேட் செய்த மீன் எண்ணெய் 7.2 டன் வருகிறது; இது ஒன்று முதல் பத்து டன் வரையிலான படியில் விழும். எமல்சிஃபையர் 0.64 டன்தான், தொல்லையில்லை. பாரஃபின் எண்ணெய் 1.6 டன், அதற்கும் பதிவு வேண்டும். தண்ணீருக்கு விலக்கு உண்டு. இதையே 24 டன் அனுப்பினால் மீன் எண்ணெய் 10.8 டன்னாகி அடுத்த படிக்கு ஏறிவிடும். அங்கே கூடுதல் ஆய்வுத் தரவுகளும் இரசாயனப் பாதுகாப்பு அறிக்கையும் கேட்பார்கள், செலவும் பல மடங்காகும். ஆகவே ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வேதி மாற்றம் செய்யப்படாத இயற்கைத் தாவர, விலங்கு எண்ணெய்களுக்குச் சட்டத்தின் ஐந்தாம் இணைப்பு விலக்கு அளிக்கிறது. சல்ஃபேட் செய்த எண்ணெய் இதில் வராது, ஏனெனில் அது மாற்றப்பட்ட பொருள். ஆனால் பாரஃபினுக்குப் பதிலாகப் பச்சை மீன் எண்ணெயைச் சேர்த்தால் அந்த 1.6 டன்னுக்குப் பதிவே தேவைப்படாது.

ஆய்வுமேசை எழுதியது:

வேதிச்சரக்கு அவர்களின் கணக்கு சரியானது. கடைசி யோசனையை மட்டும் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். பச்சை மீன் எண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதி. அது தோலுக்குள் ஆக்சிஜனேற்றம் அடையும்போது குரோமிய உப்பால் பதனிட்ட குரோம் தோலில் உள்ள மூன்றிணைதிறக் குரோமியம் நச்சுத்தன்மை மிகுந்த ஆறிணைதிறக் குரோமியமாக மாற வழி பிறக்கிறது. ரீச் சட்டத்தின் பதினேழாம் இணைப்பின்படி, சருமத்தைத் தொடும் தோல் பொருள்களில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டக்கூடாது என்ற தடை 2015 மே 1 முதல் இருக்கிறது. பதிவுச் செலவை மிச்சப்படுத்தப் போய், வாடிக்கையாளரின் காலணித் தோல் சோதனையில் தோற்றால் அந்தப் பெயர் உங்களுக்குத்தான் வரும். நிறைவுற்ற கொழுப்பை அதிகம் சேர்த்தாலும் சிக்கல் உண்டு. சில மாதங்களில் தோல் மேல் வெள்ளை பூக்கும். பாரஃபினின் அளவைக் குறைப்பதே எனக்குத் தெரிந்தவரை நல்ல வழி. ஆனால் குளோரின் ஏற்றிய பாரஃபினை மாற்றாக எடுத்துவிடாதீர்கள்: கார்பன் எண்ணிக்கை 14 முதல் 17 வரையுள்ள அவ்வகை, 2021 ஜூலையில் மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது.

சின்டான் பற்றி யாரும் பேசவில்லை. மூன்றில் சிக்கலானது அதுவே என்பது என் எண்ணம். மோனமர் எனப்படும் சிறு அலகுகள் சங்கிலியாகக் கோர்த்த பாலிமர்களுக்குப் பதிவு தேவையில்லை என்பதால் பலர் சின்டானைப் பாலிமர் என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். சட்டத்தில் பாலிமருக்கு ஒரு வரையறை இருக்கிறது. எடையில் பாதிக்கு மேலான மூலக்கூறுகளில், குறைந்தது மூன்று மோனமர் அலகுகள் இன்னோர் அலகுடன் பிணைந்த அமைப்பு இருக்க வேண்டும். ஒரே மூலக்கூறு எடையுள்ளவை பாதியைத் தொடக்கூடாது. பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் குறுகிய அளவில் மட்டும் கோர்த்த சின்டான்கள் சில இந்த வரையறைக்குள் வருவதில்லை. மூலக்கூறு எடைப் பரவலைக் காட்டும் ஜி.பி.சி. சோதனை எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். பாலிமர் என்றே முடிவானாலும் கடமை தீர்ந்துவிடாது. பாலிமரில் பிணைந்த மோனமர் எடையில் 2 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்து, அதன் மொத்த அளவு ஆண்டுக்கு ஒரு டன்னைத் தொட்டால், அந்த மோனமரைப் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் வாங்கும் பீனாலை விற்றவர் ஐரோப்பாவில் பதிவு செய்திருக்க வாய்ப்பில்லை. அப்படியெனில் அது உங்கள் பிரதிநிதியின் பொறுப்பு.

உங்கள் சின்டானில் பிஸ்பீனால் எஸ் என்ற பீனால் வகைப் பொருள் கலந்திருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அது 2023 ஜனவரியில் அதே கவலைக்குரிய பட்டியலில் ஏறியது. இத்தாலிய வாடிக்கையாளர் எப்படியும் எஞ்சியிருக்கும் அளவைக் கேட்பார்.

கடுக்காய்ப் பொடிக்கு நிம்மதியாக இருங்கள். இயந்திரத்தில் அரைப்பது, தண்ணீரில் சாறு இறக்குவது, தண்ணீரைப் போக்க மட்டும் சூடாக்குவது ஆகிய எதுவும் அதன் இயற்கைப் பொருள் என்ற தகுதியைக் கெடுப்பதில்லை. அபாயகரமானது என்ற வகைப்பாட்டுக்குள் வராதவரை விலக்கு உண்டு. கரைதிறனைக் கூட்டச் சல்ஃபைட் சேர்த்துச் சமைத்தால் மட்டும் அந்த விலக்கு போய்விடும்.

எல்பைக்கரை எழுதியது:

நான் ஹாம்பர்க்கில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் பணிபுரிகிறேன். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம்.

முதலில் அந்த 05 எண். அது முன்பதிவு எண். ஏற்கெனவே சந்தையில் இருந்த பொருள்களுக்கு 2010, 2013, 2018 என மூன்று கட்டங்களாக அவகாசம் தந்த காலத்தில் பயன்பட்டது. 2018 மே 31உடன் கடைசி அவகாசமும் முடிந்தது. இன்று யாரேனும் 05 எண்ணைக் காட்டினால் அவர் பழைய தாளைக் காட்டுகிறார் என்றே பொருள். உண்மையான பதிவெண் 01 என்று தொடங்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் பதிவு செய்தவரை அடையாளம் காட்டும். வேறொரு நிறுவனத்தின் எண்ணை உங்கள் பாதுகாப்புத் தரவுத் தாளில் ஒட்டிக்கொண்டால் பொருள் ஒன்றாகவே இருந்தாலும் அது உங்கள் சரக்கைக் காக்காது. அந்தத் தரவுத் தாள் இத்தாலிய மொழியில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி நடைமுறை. முதலில் உங்கள் பிரதிநிதி முகமையிடம் விசாரணை மனு ஒன்றைச் செலுத்துவார். அதில் பொருளின் அடையாளத்தைக் காட்டும் நிறமாலை, குரோமட்டோகிராம் முதலியவை வேண்டும். சல்ஃபேட் செய்த மீன் எண்ணெய் போன்ற, கூறுகள் மாறிக்கொண்டே இருக்கும் பொருளுக்கு இந்த அடையாளமே பாதி வேலை. ஒரு பொருளுக்கு ஒரே கூட்டுப்பதிவு என்பதால் ஏற்கெனவே பதிவு செய்தவர்களோடு சேர்ந்து, அவர்களுடைய ஆய்வுத் தரவுகளைப் பயன்படுத்தும் உரிமைக்காக ‘லெட்டர் ஆஃப் ஆக்சஸ்’ வாங்க வேண்டும். பெரிய செலவு பெரும்பாலும் இதுதான். முகமையின் கட்டணம் அன்று. விலையைச் சொன்னவுடன் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த ஆய்வுக்கு எவ்வளவு, நிருவாகத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்கும் உரிமையை 2016/9 என்ற விதிமுறை உங்களுக்குத் தருகிறது. உங்கள் டன் படிக்குத் தேவையில்லாத தரவுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. முகமையிடம் செலுத்திப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்த ஆய்வுச் சுருக்கங்களைப் பிறரும் தம் பதிவுக்குப் பயன்படுத்தலாம். 2010 கெடுவுக்கு முன் வந்தவை எல்லாம் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன.

முகமையின் கட்டணத்தில் சிறு நிறுவனங்களுக்குச் சலுகை உண்டு. இங்கே பார்க்கப்படுவது பிரதிநிதியின் அளவு அன்று, உங்கள் நிறுவனத்தின் அளவு. ஐம்பதுக்கும் குறைவான ஊழியர்களும், ஒரு கோடி யூரோவைத் தாண்டாத விற்றுமுதலும் இருந்தால் சிறு நிறுவனம். உங்கள் குடும்பத்தார் வேறு ஆலைகள் வைத்திருந்து அவை உங்களோடு பங்கு வழியாக இணைந்திருந்தால் அவற்றின் கணக்கையும் சேர்க்கச் சொல்வார்கள். பிழையாக அறிவித்தது பின்னர் தெரிந்தால் கட்டண வித்தியாசத்தோடு கூடுதல் தொகையும் விதிப்பார்கள்.

பிரதிநிதியுடன் செய்யும் ஒப்பந்தத்தில், நீங்கள் விலகினால் பதிவைப் புதிய பிரதிநிதிக்கு மாற்றித் தர அவர் கடமைப்பட்டவர் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். அந்த வரி இல்லாததால் கட்டிய பணத்தையே மீண்டும் கட்டிய ஒரு திருப்பூர்ச் சாய ஏற்றுமதியாளரை எனக்குத் தெரியும்.

பாலாறு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த ஆலோசனை நிறுவனத்துக்கு மறுப்புக் கடிதம் அனுப்பிவிட்டேன். சின்டானில் பிஸ்பீனால் எஸ் கிடையாது, ஜி.பி.சி. முடிவு வரும்வரை அதை இந்த ஆர்டரிலிருந்து விலக்கி வைக்கிறேன். கடுக்காய்ப் பொடியை முதலில் அனுப்புவதாக இருக்கிறேன். ஃபேட்லிக்கரில் பாரஃபினை 10லிருந்து 5.5 விழுக்காடாகக் குறைத்துச் சோதனைத் தோல் போட்டுப் பார்த்தோம். மென்மையில் பெரிய வேறுபாடு இல்லை. 16 டன்னுக்குப் பாரஃபின் 0.88 டன்தான் வருகிறது. அப்படியானால் மீன் எண்ணெய்க்கு மட்டும் பிரதிநிதி வழியாகப் பதிவு செய்து, பாரஃபினை விட்டுவிடலாம் அல்லவா?

எல்பைக்கரை எழுதியது:

விட்டுவிடலாம், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிரதிநிதி பாரஃபினைப் பதிவு செய்யாதபோது அதற்கு இறக்குமதியாளர் உங்கள் வாடிக்கையாளரே. ஒரு டன் என்ற வரம்பு அவருடைய கணக்கில்தான் ஓடும், உங்கள் கணக்கில் அன்று. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள வேறு யாரிடமிருந்தாவது அதே பாரஃபின் கலந்த சரக்கை அவர் 200 கிலோ பாரஃபின் வரும் அளவுக்கு வாங்கினாலும், உங்கள் 0.88 டன்னோடு சேர்ந்து வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே ஜனவரி முதல் டிசம்பர் வரை அந்தப் பொருளை எல்லா மூலங்களிலிருந்தும் எவ்வளவு இறக்குமதி செய்கிறார் என்று அவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொருளின் சரியான இ.சி. எண்ணை (ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வேதிப்பொருளுக்கான அடையாள எண்) குறிப்பிட்டே கேளுங்கள். பாரஃபின் எண்ணெய் என்ற பெயரில் சந்தையில் பல எண்கள் உலவுகின்றன.