மிஷன் தீவின் ஒரே படகு காற்றோடு போய்விட்டது: அடுத்ததை எங்கே வாங்குவது, கடலில் எப்படிக் கட்டி நிறுத்துவது?

தெப்பக்குளம்:
மதுரையில் எங்கள் சபை, சாலமன் தீவுகளில் உள்ள ஒரு மிஷன் ஊருக்கு உதவி வருகிறது. பள்ளிக்கூடமும் சின்ன மருந்தகமும் உண்டு. விமானம் இறங்க இடமில்லை. பிரசவ வலி என்றாலும் அரிசி மூட்டை என்றாலும் ஒரே படகுதான்: 23 அடி ஃபைபர், பின்னால் மாட்டும் 40 குதிரைசக்தி அவுட்போர்டு எஞ்சின். மிதவையில் கட்டியிருந்த அது இரவோடு இரவாகக் கட்டு விட்டுப் போய்விட்டது. பணம் திரட்டுகிறோம். பாம்பனில் புதுப்படகு செய்து அனுப்பலாம் என்கிறார்கள் சிலர், 30 அடியாகவே வாங்கிக் கொடுப்போம் என்கிறார்கள் சிலர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அணியம்:
பாம்பன் யோசனையை விட்டுவிடுங்கள் தம்பி. 20 அடி கன்டெய்னரின் உள்நீளம் 5.9 மீட்டர், உங்கள் படகு 7 மீட்டர். 40 அடி கன்டெய்னர் பிடிக்கணும், சுங்கம் கட்டணும், தலைநகர் ஹோனியாராவில் இறக்கி மறுபடி ஏற்றணும். அங்கேயே வாங்குங்கள். எஞ்சின் பக்கத்துத் தீவில் ஓடுகிற அதே மாடலாக இருக்கட்டும். அந்தப் பக்கம் யமஹா 40 டூ-ஸ்ட்ரோக் பரவலாக உண்டு, பிரித்து மாட்டத் தெரிந்த ஆளும் கிடைப்பார். கூடவே ஸ்பார்க் பிளக், வாட்டர் பம்ப் இம்பெல்லர், ஸ்டார்ட்டர் கயிறு, ஃபியூயல் ஃபில்டர், ஒரு புரொப்பெல்லர்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. மிதவையில் மிச்சம் இருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நுனி பஞ்சாகப் பிரிந்திருந்தால் கயிறு தேய்ந்து போனது. கத்தரித்த மாதிரி இருந்தால் யாரோ அறுத்தது. கயிறு முழுசாக இருந்து ஷேக்கிள் (இணைக்கும் இரும்பு வளையம்) மட்டும் இல்லையென்றால் அதைப் பூட்டும் பின் கழன்றது. காரணம் தெரியாமல் புதுப்படகைக் கட்டினால் அதுவும் போகும்.

மண்டபம் மெக்கானிக்:
சரியாகச் சொன்னார் அண்ணன். படகைக் கட்டி நிறுத்துவதைப் பற்றி நான் சொல்கிறேன். கடலடியில் கான்கிரீட் கட்டை, அதிலிருந்து சங்கிலியும் கயிறும், மேலே மிதவை, அதில் படகு.

கான்கிரீட் தண்ணீருக்குள் எடையில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிடும். கரையில் 500 கிலோ என்றால் கடலடியில் 290 கிலோதான். பலர் ஏமாறுவது இங்கேதான். மேட்டில் வார்த்து, ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு, கடல் வற்றும்போது உருளைக்கட்டை வைத்துத் தள்ளுங்கள். இறுக மூடிய 200 லிட்டர் காலி டிரம் மூன்றைக் கட்டிவிட்டால் பெருகும்போது தூக்கிக்கொள்ளும், இழுத்துப்போய் இறக்கலாம்.

சங்கிலியும் கயிறும் சேர்ந்து, கடல் முழுக்கப் பெருகியிருக்கும்போது உள்ள ஆழத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கணும். கயிறு நைலான், இழுத்தால் கொடுத்து வாங்கும். பாலிப்ரொப்பிலீன் வெயிலில் இற்றுவிடும், மிதந்து புரொப்பெல்லரிலும் சுற்றும். படகின் முன்பக்கம், அணியத்தில், கயிறு உரசும் இடத்துக்கு ரப்பர் ஹோஸ் மாட்டுங்கள். ஷேக்கிள் பின்னைக் கம்பியால் கட்டாமல் விடாதீர்கள். கால்வனைஸ்டு சங்கிலிக்கு ஸ்டெயின்லெஸ் ஷேக்கிள் போட்டால் உப்புத்தண்ணீரில் சங்கிலி அரித்துப் போகும். தரையில் புரளும் கண்ணிகள்தான் முதலில் மெலியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முங்கிப் பார்க்கணும்.

இத்தனையும் செய்தாலும் அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். எச்சரிக்கை வந்தால் மிதவையை நம்பாமல் படகைக் கரையேற்றிவிடணும். அதனால்தான் 30 அடி வேண்டாம் என்கிறேன், பத்துப் பேர் சேர்ந்தாலும் இழுக்க முடியாது. பெட்ரோலும் தாங்காது; 40-ஐ முழு வேகத்தில் விட்டாலே மணிக்கு 15–20 லிட்டர் குடிக்கும்.

தெப்பக்குளம்:
நன்றி அண்ணே. பணத்தை சபை டிரஸ்ட் கணக்கிலிருந்தே அனுப்பிவிடலாமா?

கணக்குப்பிள்ளை:
கூடாது சார். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப உதவும் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டம் தனிநபர்களுக்கு மட்டும்தான், டிரஸ்டுக்குக் கிடையாது. தொண்டுப் பணத்தை வெளிநாட்டில் செலவழித்தால் நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இல்லாமல் வரிவிலக்கும் போகும். கொடுக்கிறவர்கள் அவரவர் கணக்கிலிருந்து, பான் எண்ணோடு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவத்தை வங்கியில் கொடுத்து, அங்குள்ள திருச்சபைக் கணக்குக்கு நன்கொடையாக அனுப்பட்டும். நிதியாண்டில் ஒருவர் 10 லட்சத்தைத் தாண்டினால் வங்கி டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும். பலர் பணத்தை ஒருவர் கணக்கில் குவித்து அனுப்பாதீர்கள்.

அணியம்:
பெரிய படகுக்கு ஒதுக்கிய பணம் இருந்தால் இரண்டாவதாக ஒரு சின்னப் படகும் 15 குதிரைசக்தி எஞ்சினும் வாங்குங்கள், வேறு இடத்தில் கட்டுங்கள். தென் அட்லாண்டிக்கில் டிரிஸ்டன் ட குன்ஹா தீவில் 1885 நவம்பரில் கப்பலைச் சந்திக்க ஒரே படகில் போன 15 ஆண்களும் திரும்பவில்லை. அந்தச் சிறு ஊரில் உழைக்கும் ஆண்கள் ஏறக்குறைய எல்லோரும் அவர்கள்தான். ஆளையும் படகையும் ஒரே இடத்தில் வைக்கக்கூடாது.

ஒவ்வொரு படகிலும் ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே தகவல் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் கருவி ஒன்று இருக்கட்டும், அந்த நாட்டிலேயே பதிவு செய்து. போன படகைப் பற்றியும் காற்று போகும் திசையிலுள்ள தீவுகளுக்கு ரேடியோவில் சொல்லச் சொல்லுங்கள். ஃபோம் அடைத்த ஃபைபர் கவிழ்ந்தாலும் முழுகாது, எங்காவது ஒதுங்கும். எஞ்சின் உப்புத்தண்ணீர் குடித்திருந்தால் மெக்கானிக் வரும்வரை நல்லதண்ணீர்த் தொட்டியில் முக்கியே வைக்கணும். காற்றுப் பட்டால்தான் துரு ஏறும்.