“சாப்பிட்டாச்சு” என்ற பதிலை நம்பியிருந்தோம்

அப்பா காலமான பிறகு அம்மா திருவையாற்றுப் பக்கம் கிராமத்து வீட்டில் தனியாகவே இருந்தார். தினமும் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில், “சாப்பிட்டாச்சாம்மா?” என்று கேட்பேன், “ஆச்சு” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பரணில் இருந்த பானையை எடுக்க அவர் கையைத் தூக்கியதும், மணிக்கட்டில் நிற்க வேண்டிய வளையல் முழங்கை வரை சரிந்ததைக் கண்டு திடுக்கிட்டேன். அடுப்படியில் காலையில் வடித்த சோறும் மோரும் எலுமிச்சை ஊறுகாயும்தான் இருந்தன. மூன்று வேளைக்கும் அதுவே. ஒருத்திக்காகக் குழம்பு வைக்க மனம் வரவில்லை என்றார்.

ஆறு மாதத்தில் எடை 52 கிலோவிலிருந்து 46 ஆகியிருந்தது. தானாகவே பத்து விழுக்காட்டுக்கு மேல் எடை குறைவதை முதுமையின் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது என்றார் முதியோர் நல மருத்துவர். அவர் நாடாவால் அளந்தபோது அம்மாவின் கெண்டைக்கால் சுற்றளவு 29 செ.மீ.; 31-க்குக் கீழே போனாலே தசை கரைகிறதா என்று பார்க்க வேண்டுமாம். பல்செட் தளர்ந்து ஈறு புண்ணானதால் சுண்டல், பொரியல் எல்லாவற்றையும் அம்மா ஒதுக்கியிருக்கிறார். சர்க்கரை நோய்க்குப் பல்லாண்டுகளாக எடுத்துக்கொண்ட மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியை மந்தமாக்கும் என்பதும், நாளடைவில் வைட்டமின் பி12-ஐக் குறைக்கக்கூடும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இவற்றைவிட என்னை வருத்தியது வேறொன்று. “சோற்றைக் குறைக்கவும், தேங்காய் வேண்டாம், பழம் வேண்டாம்” என்று எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டியவள் நானே. குறைத்ததற்கு ஈடாக எதை உண்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, தினமும் ஒரு முட்டை, குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, தயிர் என்று மருத்துவரைக் கேட்டு மாற்றினோம். பல்செட்டையும் சரிசெய்தோம். மதியம் பக்கத்து வீட்டு அக்கா தம் தட்டோடு வந்து அம்மாவுடன் அமர்ந்து உண்கிறார். நான்கு மாதத்தில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறது.

*மற்றொரு உறுப்பினர்:*

சகோதரி, என் தந்தை எட்டுப் பேர் உள்ள வீட்டில் இருந்தும் மெலிந்தார். கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருந்ததால், இருட்டில் எழுந்து போக அஞ்சி, மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீரையும் இரவுச் சாப்பாட்டையும் தவிர்த்து வந்திருக்கிறார். வயதானவருக்கு அரை வயிறே போதும் என்று நாங்களும் இருந்துவிட்டோம். வழியில் விளக்கும் சுவரில் கைப்பிடியும் பொருத்திய வாரத்திலேயே, இரவில் இரண்டாவது இட்லியை அவராகவே கேட்டார்.