டிரைவ் மாட்டிய பிறகு 50 ஹெச்பி மோட்டாரில் பேரிங் ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை

கேள்வி

நூற்பாலையில் டஸ்ட் ஃபில்டர் புளோயர் மோட்டார். 37 கிலோவாட், 4 போல், 1480 ஆர்பிஎம், வி-பெல்ட். இரண்டு பக்கமும் 6313 சி3 பந்து பேரிங் (சி3 என்றால் உள் இடைவெளி சற்று அதிகம்). ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில், நேரடி மின்சாரத்தில் ஓடிய வரை பேரிங் தொந்தரவு இல்லை. விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) போட்டு 38 ஹெர்ட்ஸில் நிலையாக ஓட்டத் தொடங்கிய பிறகு இரண்டு செட் மாற்றியாகிவிட்டது. முதலில் லேசான உறுமல், பிறகு ஒரே சீராகக் கத்துகிறது. வைப்ரேஷன் 2.6 மி.மீ./செகண்ட்தான் காட்டுகிறது. ஹவுசிங் சூடு 78 டிகிரி. 15 நாளைக்கு ஒரு முறை கிரீஸ் அடிக்கிறோம். மட்டமான பேரிங் வந்துவிட்டதா, ஃபிட்டிங் தவறா?

பதில் 1

மூன்றாவது செட் வாங்குவதற்கு முன் கழற்றிய பேரிங்கை வெட்டிப் பாருங்கள். துடைக்காதீர்கள், கிரீஸின் நிறமே பாதி விஷயத்தைச் சொல்லும். அவுட்டர் ரேஸை (பேரிங்கின் வெளி வளையம்) எதிரெதிரே இரண்டு இடத்தில் கிரைண்டரால் வெட்டிப் பிளந்து, ஓடுதடத்தை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவும். வெட்டுவதற்கு முன்பே அவுட்டர் ரேஸில் மேல்பக்கம், பெல்ட் இழுக்கும் பக்கம் இரண்டையும் மார்க் செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் தடம் எந்தப் பக்கம் விழுந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

15 நாளைக்கு ஒரு முறை கிரீஸ் என்பது மிக அதிகம். அளவுக்குக் கணக்கு இருக்கிறது: வெளிவிட்டம் × அகலம் × 0.005. 6313-க்கு 140 × 33 × 0.005, அதாவது சுமார் 23 கிராம். உங்கள் கிரீஸ் கன் ஒரு அடிக்கு எத்தனை கிராம் தள்ளுகிறது என்று பத்து அடி அடித்துத் தராசில் வைத்துப் பாருங்கள். கன்னுக்குக் கன் வேறுபடும். இடைவெளியை மோட்டாரின் லூப்ரிகேஷன் பிளேட்டில் பார்க்கவும். பேரிங் சூடு 70 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் அந்த இடைவெளியைப் பாதியாக்க வேண்டும். டிரெயின் பிளக்கைத் திறந்துவிட்டு, மோட்டார் ஓடும்போது அடித்து, அரை மணி நேரம் கழித்து மூடவும். பிளக் மூடியிருந்தால் பழைய கிரீஸ் வெளியேற வழியில்லாமல் வைண்டிங் பக்கம் போகும். உங்கள் 78 டிகிரியில் கொஞ்சம் கிரீஸ் கடைந்து வந்த சூடாகவும் இருக்கலாம்.

கேட்டவர்

வெட்டினோம் சார். கிரீஸ் கரிபோல் கறுத்திருக்கிறது. இரண்டு பேரிங்கிலும் அவுட்டர் ரேஸ் தடத்தில் குறுக்குக் கோடுகள், துணி துவைக்கும் பலகைபோல. கோட்டுக்குக் கோடு 2 மி.மீ. இருக்கும். பந்துகளில் பளபளப்பே இல்லை, சாம்பல் பூத்த மாதிரி இருக்கின்றன.

பதில் 2

பெல்ட்டை முறுக்கி இழுத்திருக்கலாம். அல்லது நின்றிருக்கும்போது பக்கத்து மெஷின் அதிர்வில் பந்து பதிந்த தழும்பாகவும் இருக்கலாம். அதற்கும் கோடு விழும்.

பதில் 1

இங்கே இரண்டுமே பொருந்தவில்லை. நின்ற நிலையில் பதியும் தழும்பு பந்து உட்கார்ந்த இடத்தில்தான் விழும். 6313-இல் எட்டுப் பந்து. அவுட்டர் ரேஸில் தழும்புக்குத் தழும்பு கிட்டத்தட்ட 5 செ.மீ. இருக்க வேண்டும். 2 மி.மீ. இடைவெளியில் வரிசையாக விழாது. பெல்ட் டென்ஷன் என்றால் புல்லி பக்கப் பேரிங்தான் பெரும் சுமை வாங்கும். தடம் ஒரு பக்கம் அகன்று, கோடில்லாமல் உரிந்திருக்கும். பின்பக்கப் பேரிங்கிலும் அதே கோடு என்றால் காரணம் பெல்ட் இல்லை.

இது மின் அரிப்பு. டிரைவின் வெளியீடு சுத்தமான சைன் அலை அல்ல, வேகமாக ஏறி இறங்கும் துடிப்புகள். மூன்று ஃபேஸையும் கூட்டினால் பூஜ்யம் வராது. அந்த மிச்ச வோல்டேஜ் ஸ்டேட்டருக்கும் ரோட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாக ஷாஃப்டில் ஏறுகிறது. பந்துக்கும் ரேஸுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய கிரீஸ் படலம் தாங்கும்வரை தாங்கி, உடைந்து பொறி விடுகிறது. ஒவ்வொரு பொறியும் எஃகில் ஒரு நுண்குழி. ஒரே வேகத்தில் நாள் முழுக்க ஓடினால் குழிகள் கோடாகச் சேரும். கிரீஸ் கறுத்ததும் பந்து மங்கியதும் இதனால்தான்.

வைப்ரேஷன் மீட்டர் ஏன் காட்டவில்லை என்றால், மி.மீ./செகண்ட் அளவு பேலன்ஸ், அலைன்மெண்ட் கோளாறுக்குத்தான் நல்லது. பேரிங்குக்கு ஆக்சிலரேஷன் என்வலப் வேண்டும், அதாவது பந்து சேதத்தின் மேல் ஏறும்போது விழும் சின்ன அடிகளைப் பிரித்துக் காட்டும் அளவு. 38 ஹெர்ட்ஸில் சுமார் 1120 ஆர்பிஎம், அதாவது நொடிக்கு 18.7 சுற்று. 6313-க்கு அவுட்டர் ரேஸ் சேதத்தில் பந்துகள் அடிக்கும் அதிர்வெண் அதன் 3.06 மடங்கு, 57 ஹெர்ட்ஸ், இன்னர் 4.94 மடங்கு, 92 ஹெர்ட்ஸ். 57-உம் அதன் மடங்குகளும் எழுந்தால் அவுட்டர் ரேஸ்.

கேட்டவர்

மல்டிமீட்டரில் ஷாஃப்டுக்கும் பாடிக்கும் ஒன்றும் பெரிதாகக் காட்டவில்லையே? கேபிள் சாதாரண 4 கோர், ஷீல்டு இல்லை. டிரைவில் கேரியர் (துடிப்புகளை வெட்டும் வேகம்) 12 கிலோஹெர்ட்ஸ். பின்பக்கம் மட்டும் இன்சுலேட்டட் பேரிங் (மின்சாரம் கடக்காதது) போட்டால் போதும் என்கிறார்கள்.

பதில் 3

மல்டிமீட்டரை நம்ப வேண்டாம். பொறி நானோ செகண்டில் முடிகிறது. 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பும் ஷாஃப்டில் உரசும் கார்பன் நார் முனை புரோபும் இருந்தால், வோல்டேஜ் ஏறி ஏறிச் செங்குத்தாக விழுவதைப் பார்க்கலாம். சுற்றும் ஷாஃப்ட் பக்கம் தொளதொள சட்டையோடு கை நீட்டாதீர்கள்.

பின்பக்கம் மட்டும் இன்சுலேட் செய்வது பெரிய ஃபிரேம் மோட்டாரில் ஷாஃப்ட் வழியாகச் சுற்றி வரும் கரண்டை உடைக்கத்தான். உங்கள் 50 ஹெச்பியில் சிக்கல் அந்தக் கரண்ட் அல்ல, ஷாஃப்டில் சேரும் வோல்டேஜ். ஒரு பக்கத்தை மூடினால் மிச்சம் எல்லாம் புல்லி பக்கப் பேரிங் வழியாக இறங்கும். ஷாஃப்ட் கிரவுண்டிங் ரிங் ஒன்று போடுங்கள்; ஷாஃப்டை உரசி நின்று அந்த வோல்டேஜைப் பேரிங் வழியாக விடாமல் பாடிக்கு இறக்கும் வளையம் இது. பஞ்சுத் தூசி இருக்கும் இடம் என்பதால் எண்ட் கவருக்கு உள்ளே உட்காரும் வகை நல்லது. ரிங் உரசும் இடத்தில் பெயிண்ட், துரு, கிரீஸ் இருக்கக் கூடாது; அங்கே ஷாஃப்டில் இரு முனை வைத்து அளந்தால் 2 ஓமுக்குள் வர வேண்டும்.

கேரியரை 4 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். மோட்டார் கொஞ்சம் கத்தும், ஆனால் துடிப்பின் எண்ணிக்கை மூன்றில் ஒன்றாகும். செலவில்லாத வேலை, இன்றே செய்யலாம். கேபிளை மூன்று எர்த் கம்பி சமச்சீராக அமைந்த ஷீல்டு வகைக்கு மாற்றி, ஷீல்டை முறுக்கி ஒரு லக்கில் கட்டாமல் சுற்றிலும் கவ்வும் மெட்டல் கிளாண்டில் பிடிக்கவும். மோட்டார் பாடிக்கும் புளோயர் ஃபிரேமுக்கும் தட்டையான பின்னல் ஸ்ட்ராப். உருண்டைக் கம்பி 50 ஹெர்ட்ஸுக்குச் சரி, இந்த அதிவேகத் துடிப்புக்கு உதவாது.

பதில் 2

ரிங் கிடைக்கத் தாமதமானால்?

பதில் 3

செராமிக் பந்து போட்ட ஹைப்ரிட் பேரிங்கை இரண்டு பக்கமும் போடலாம், விலை கூடும். போடுவதற்கு முன் ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள்: பேரிங் இறுக்கமாக உட்காருவதற்கான கே5 ஃபிட் என்றால் 65.002-இலிருந்து 65.015 மி.மீ. வரை. இரண்டு செட் இழுத்த ஷாஃப்ட் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. தேய்ந்திருந்தால் பஞ்ச் அடித்து ஒப்பேற்றாதீர்கள், ஸ்லீவ் போடுங்கள். ஹீட்டரில் 110 டிகிரி போதும். ஏற்றிய பிறகு ஆறும்வரை தோளோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். சுத்தியலால் அவுட்டர் ரேஸைத் தட்டினால் முதல் நாளே பந்து பதிந்துவிடும்.

கேட்டவர்

ஷாஃப்ட் புல்லி பக்கம் 65.004, பின்பக்கம் 65.011. கேரியர் 4-க்கு இறக்கியாயிற்று. கேபிளுக்கும் ரிங்குக்கும் ஆர்டர் போட்டிருக்கிறோம்.

பதில் 1

இரண்டும் அளவுக்குள் இருக்கிறது, ஸ்லீவ் வேண்டாம். ரிங் வரும்வரை பழைய ரகப் பேரிங்கையே போட்டு ஓட்டுங்கள். விலை கூடிய ஹைப்ரிட் பேரிங் இப்போதைக்கு வேண்டாம். போட்ட அன்றே என்வலப் ரீடிங் எடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள், பிறகு வாரம் ஒரு முறை அதே இடத்தில், அதே 38 ஹெர்ட்ஸில்.