புதுப்பிப்பு: குதிகாலை உரசிய ஸ்போர்ட்ஸ் சாண்டல்

வெகுதூரம் நடந்தால் சாண்டலின் பின்பட்டை குதிகாலைப் புண்ணாக்குகிறது, விரல்நுனியும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, என்ன செய்யலாம் என்று இரண்டு மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது "மாலையில் அளவெடுங்கள்" என்ற யோசனைதான். நாள் முழுவதும் நடமாடிய கால் சற்று வீங்கியிருக்கும். நானோ எப்போதும் காலையில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். காகிதத்தின் மேல் நின்று இரு பாதங்களையும் பென்சிலால் வரைந்தேன். வலது பாதம் இடதைவிட 5 மி.மீ. நீளம்! அதற்கேற்ப ஓர் அளவு கூட்டிப் புதிய ஜோடி எடுத்தேன். அதில் முன்பட்டை, கணுக்கால் பட்டை, பின்பட்டை மூன்றையும் தனித்தனியே இறுக்கலாம். உரசல் அடியோடு நின்றுவிட்டது.

பக்கவாட்டில் வெறும் பசையால் ஒட்டிய பட்டை சீக்கிரம் பிய்ந்துவிடும் என்று ஒருவர் எச்சரித்திருந்தார். பழைய ஜோடியைப் புரட்டிப் பார்த்தேன், அங்கேதான் வாய்பிளந்திருந்தது. புதியதில் பட்டை அடிப்பகுதிக்குள்ளேயே நுழைந்து செல்கிறது.

எதிர்பாராதது ஒன்று: நைலான் பட்டை நனைந்தால் கொஞ்சம் தளர்கிறது, மறுபடி இறுக்க வேண்டியிருக்கிறது. வெல்க்ரோவில் மணலும் நூலும் அடைத்துப் பிடிப்புக் குறைந்தபோது, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், சரியாகிவிட்டது.