மறு: செப்சிஸுக்குத் தமிழில் என்ன சொல்?

எல்லோருக்கும் வணக்கம். விலங்குகளில் செப்சிஸ் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகள் பற்றி நாம் மாணவருக்காக எழுதும் தமிழ்க் கையேட்டின் வரைவில் உள்ள சொற்களைப் பற்றியது இது.

செப்சிஸுக்கு நம் குழுவில் அக்கா முன்வைத்த 'குருதி நஞ்சாதல்' கேட்டவுடன் விளங்குகிற சொல்தான். ஆனாலும் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இங்கே மட்டக்களப்பில் வாட்டுக்கு வெளியே காத்திருக்கும் உறவினரிடம் "ரத்தத்தில கிருமி ஏறிட்டுது" என்கிறோம். "அப்ப கிருமிக்கு மருந்து ஏத்தினாச் சரிதானே?" என்று அவர்கள் கேட்பது நியாயம். கிருமி அடங்கிய பிறகும் சிறுநீரகமும் நுரையீரலும் ஏன் கைவிடுகின்றன என்பதற்கு அந்தப் பேச்சிலும் இடமில்லை, 'குருதி நஞ்சாதல்' என்ற சொல்லிலும் இடமில்லை. தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுக்குலைந்து, உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு உறுப்புகள் பழுதாவதே செப்சிஸ் என்கிறது 2016 வரையறை. இரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்த்தும் ஒன்றும் வராத நோயாளிகள் பலர். ஆகவே என் முன்மொழிவு 'தொற்றுக்குலைவு'. தம்பியின் 'தொற்றெதிர்வினைச் சீர்குலைவு' இன்னும் துல்லியம்தான், ஆனால் வேலை நெருக்கடியில் ஒரு தாதி அதை வாயால் சொல்லமாட்டார்.

அடுத்தது, மனித நோயை ஆராய அதே நோயை உண்டாக்கிய விலங்கைக் குறிக்கும் 'விலங்கு மாதிரி' (animal model). 'இரத்த மாதிரி' என்று அதே பக்கத்தில் எழுதிவிட்டு 'எலி மாதிரி' என்றும் எழுதினால் மாணவர் குழம்புவார்கள். 'விலங்கு ஒப்புரு' என்போம். சுண்டெலியா எலியா என்பதையும் பிரித்தே எழுதவேண்டும். அம்பாறையில் வட்டைக்குள் (வயலுக்குள்) இறங்குகிறவர்களுக்கு 'எலியில் தொற்றுக்குலைவு' என்றால் எலிக்காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். (எலிக்காய்ச்சல் முற்றினாலும் தொற்றுக்குலைவில் கொண்டுபோய் விடலாம் என்பது வேறு.) ஆய்வுகூடத்தில் தொற்றுக்குலைவை உண்டாக்கச் செய்வதோ சத்திரசிகிச்சை: விலங்கை மயக்கி, வயிற்றைத் திறந்து, குருட்டுக்குடலை நூலால் கட்டி, ஊசியால் துளைத்து, கொஞ்சம் மலத்தைப் பிதுக்கிவிட்டுத் தைத்துவிடுவார்கள். இதற்குக் 'கட்டுத்துளை முறை' போதும். குருட்டுக்குடலைக் குடல்வால் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது வேறு உறுப்பு.

மருந்துகளின் பெயரில்தான் எனக்கு அதிகக் கவலை. வரைவில் 'நுண்ணுயிர் எதிர்ப்பி, அழற்சி எதிர்ப்பி, ஒட்சியேற்ற எதிர்ப்பி (antioxidant)' என்று மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. வாசிப்பவர் மூன்றையும் ஒரே வகை மருந்தாக எடுத்துக்கொள்வார். முதலாவது கிருமியைத் தாக்குகிறது. மற்ற இரண்டும் உடலின் சொந்த வேலையைத் தணிக்கின்றன. வெண்குருதிக் கலங்கள் கிருமியைக் கொல்ல அழற்சியும், ஒட்சிசனிலிருந்து வரும் வீரியமான மூலக்கூறுகளும் துணைசெய்கின்றன. அவற்றை முற்றாக அடக்கினால் நோயாளிக்கே கேடு வரலாம். எனவே 'அழற்சித் தணிப்பி', 'ஒட்சியேற்றத் தணிப்பி'. சென்னை நண்பர்கள் 'ஆக்சிஜனேற்றம்' என்பார்கள், இருக்கட்டும். காரைதீவில் பிறந்து 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்தை முன்னின்று நடத்திய விபுலானந்த அடிகளின் ஊர்ப்பக்கத்தவர் நாங்கள். இரண்டு கரைக்கும் நடுவே இந்தச் சண்டை வேண்டாம்.

இன்னொன்று, 'சிகிச்சை' என்ற சொல்லை இவ்வளவு தாராளமாக எழுதலாமா? பல விலங்கு ஆய்வுகளில் மருந்தைக் குடலைத் துளைப்பதற்கு முன்பே, அல்லது துளைத்த கையோடு கொடுத்துவிடுகிறார்கள். நம்மிடம் வருகிறவரோ காய்ச்சலோடு வீட்டில் கிடந்து, தனியார் கிளினிக்கில் குளிசை வாங்கிப் போட்டு, அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். விலங்கோ பெரும்பாலும் இளசு, வேறு நோய் இல்லாதது. முன்பே கொடுப்பதை 'முற்காப்பு' என்றும், நோய் தொடங்கிய பின் கொடுப்பதையே 'சிகிச்சை' என்றும் கட்டாயம் பிரிக்கவேண்டும். விலங்கில் நல்ல பெயர் எடுத்த ஒட்சியேற்றத் தணிப்பியான விற்றமின் சி, 2022இல் வெளியான லோவிட் (LOVIT) என்ற ஆய்வில் தொற்றுக்குலைவு நோயாளிகள் 872 பேரிடம் என்ன செய்தது? 28ஆம் நாளுக்குள் இறந்தவர்களும் அந்நாளிலும் உறுப்புப் பழுது நீடித்தவர்களும் சேர்ந்து, விற்றமின் ஏற்றியவர்களில் 44.5 வீதம், ஏற்றாதவர்களில் 38.5 வீதம். இதை அறியாமல் நம் கையேட்டை வாசிக்கும் பிள்ளை, 'எலிக்குச் சுகம் வந்தது, மனிதருக்கும் வரும்' என்று நினைத்துவிடக்கூடாது.

'செப்டிக் ஷொக்' என்பதற்கு மட்டும் எனக்குச் சொல் பிடிபடவில்லை. 'தொற்றுக்குலைவு அதிர்ச்சி' என்றால் மனம் அதிர்ந்ததாக எடுப்பார்களோ? இரத்தக் குழாய்கள் தளர்ந்து இரத்த அழுத்தம் விழும் நிலையைக் காட்டும் சொல் வேண்டும். வாட்டில் நிற்கும் டொக்டர்மார் சொல்லுங்கள், அதன் பிறகு கையேட்டை அச்சுக்குக் கொடுப்போம்.