குடோன் கணக்கும் நெல்லின் கணக்கும்: ஆய்வுக்கு ஆள் வந்த நாள் உங்களுக்கு எப்படிப் போனது?

பழைய கணக்குப்பிள்ளை:

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தனியார் குடோனில் பதினொரு வருடம் கணக்கு எழுதியவன் நான். இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் தாராளமாகச் சொல்லலாம்.

எங்கள் குடோன் 2007-ஆம் ஆண்டுக் கிடங்கு (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின்படி பதிவு பெற்றது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் ஆணையம் அமைந்ததும் 2010 அக்டோபரில்தான். அப்போது எல்லாக் குடோனும் பதிவு செய்தாக வேண்டும் என்பதில்லை. கைமாற்றத்தக்க ரசீது, அதாவது கையெழுத்துப் போட்டு இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கக்கூடிய ரசீது தருகிற குடோனுக்குத்தான் பதிவு வேண்டும். எங்கள் முதலாளிக்கு அந்த ரசீது மேல் ஆசை. வங்கிக்காரர்கள் அதை வைத்துக் கடன் தருவார்கள், குடோன் நிரம்பும் என்ற கணக்கு. கூடவே ஆய்வும் வரும் என்பதை அவர் அவ்வளவாக யோசிக்கவில்லை.

2014-இல் ஒரு நாள் காலையில் ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். நான் அட்டிகளை, அதாவது மூட்டை அடுக்குகளைக் காட்டலாம் என்று சாவிக்கொத்தோடு எழுந்தேன். அவர் உட்காரச் சொல்லிவிட்டு, "எழுதாத ரசீதுப் புத்தகத்தை எடுங்க" என்றார். எழுதின ரசீது இல்லை, எழுதாதது. எனக்குப் புரியவே இல்லை. வெற்றுத் தாளை என்ன ஆய்வு செய்வது?

சட்டம் அதைத்தான் கேட்கிறது என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். உள்ளே வந்த சரக்கு, வெளியே போன சரக்கு மட்டும் போதாது. கொடுத்த ரசீது, திரும்பி வந்த ரசீது, ரத்து செய்த ரசீது, கையில் இன்னும் கொடுக்காமல் இருக்கும் ரசீது எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்க வேண்டும், அதுவும் எண் வரிசையில். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ஒரு வெற்று ரசீது வெளியே போனால், இல்லாத நெல்லுக்கு ஒருவர் கடன் வாங்கிவிடலாம்.

அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். 46 இருந்தது, 48 இருந்தது, 47 இல்லை. அடிக்கட்டையும் இல்லை, சுத்தமாகக் கிழிந்திருந்தது. என் கூட இருந்த பையன் எழுதும்போது தப்பு வந்ததால் கிழித்துப் போட்டதாகச் சொன்னான். "தப்பு வந்தா குறுக்கே கோடு போட்டு, ரத்துன்னு எழுதி, அங்கேயே வெச்சிருக்கணும்" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் இருப்புப் பதிவேடு. அங்கே எனக்குக் கர்வம். ஒரு வியாபாரியின் நெல், 2500 மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ, ஆக 100 டன். உள்ளே வந்தபோது ஈரப்பதம் நூற்றுக்கு 17. ஆறு மாதம் கழித்தும் என் பதிவேட்டில் 100 டன் அப்படியே இருந்தது. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அவர் ஈரமானியை எடுத்து நான்கு அட்டியில் குத்தூசி போட்டு நெல் எடுத்துப் பார்த்தார். 14 காட்டியது. என்னைப் பார்த்து, "ஆறு மாசமா இந்த நெல்லு மூச்சே விடலையா?" என்றார்.

கணக்கு எளிது. 17 ஈரத்தில் 100 டன் என்றால் அதில் உலர்ந்த பொருள் 83 டன். அந்த 83 டன்தான் 14 ஈரத்தில் நூற்றுக்கு 86 பங்காக நிற்கும். 83-ஐ 0.86-ஆல் வகுத்தால் சுமார் 96.5 டன். மூன்றரை டன் தண்ணீராகக் காற்றில் போய்விட்டது. மூட்டை எண்ணிக்கை மாறாது, ஒவ்வொரு மூட்டையும் 38.6 கிலோவாக இளைத்திருக்கும். இதை நான் எங்கேயும் எழுதவில்லை. கிராம் பிசகாத பதிவேடு என்று நான் நினைத்தது அவருக்கு ஒரே நாள் உட்கார்ந்து மொத்தமாக எழுதிய பதிவேடாகத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் பாதி அப்படித்தான்.

எடை குறைந்ததை எழுதினால் திருட்டு என்பார்களோ என்ற பயம் எல்லாக் கணக்கருக்கும் உண்டு. எழுதாமல் விட்டால்தான் சந்தேகம் வருகிறது என்பதை அன்றுதான் கண்டேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். குடோன் பெயர், ஊழியர் பெயர் வேண்டாம்.

சோளக்காட்டான்:

ஐயா, நான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன். பெரம்பலூர் மாவட்டம், மானாவாரி மக்காச்சோளம். அறுவடை நேரத்தில் விலை விழுந்து கிடந்தது. கொஞ்ச நாள் வைத்து விற்கலாம் என்று 60 மூட்டையை ஒரு குடோனில் போட்டேன். இது உங்களுடையது போலப் பதிவு பெற்ற குடோன் இல்லை. ரசீது கொடுத்தார்கள். அதில் என் பெயர், தேதி, "மக்காச்சோளம் 60 மூட்டை" என்று மூன்று வரி. ரசீது கிடைத்ததே பெரிய விஷயம் என்று மடித்து வைத்துக்கொண்டேன்.

ஐந்து மாதம் கழித்து எடுக்கப் போனேன். வெளியே எடை மேடையில் ஏற்றினால் 5,780 கிலோ. போடும்போது அதே எடை மேடையில் 5,960 இருந்தது. அந்தச் சீட்டு தகர டப்பாவில் பத்திரமாக இருந்ததால் எனக்குத் தெரிந்தது. 180 கிலோ எங்கே என்று கேட்டேன். "சோளம் ஈரமா வந்துச்சு, காய்ஞ்சிருச்சு" என்றார்கள். நான் தார்ரோட்டில் நான்கு நாள் காயவைத்துக் கொண்டுபோன சோளம்! கத்திப் பார்த்தேன். ரசீதில் எடையே இல்லையே அண்ணே, மூட்டை 60 கணக்கா இருக்குல்ல, எண்ணிக்குங்க என்று ஒரு பையன் சொன்னான். அவன் சொன்னதிலும் தப்பில்லை, 60 இருந்தது.

ஐயா சொன்ன அந்தக் கணக்கு எனக்கும் பொருந்துமா? எடுக்கும்போது ஈரம் 12 என்று வாங்க வந்த வியாபாரி பார்த்தார். போடும்போது எவ்வளவு என்று யாரும் எழுதவில்லை.

பழைய கணக்குப்பிள்ளை:

பொருந்தும் தம்பி. 14-இல் போட்டிருந்தால், 5,960-ஐ 86-ஆல் பெருக்கி 88-ஆல் வகுக்கணும். 5,824 கிலோ வந்திருக்க வேண்டும். அப்போது 44 கிலோவுக்குக் குடோன்காரர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் வரும்போது 14.7 இருந்தது என்று அவர் இன்றைக்கு எழுதிக்கொண்டால் உங்கள் 180 கிலோவும் கணக்கில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். வெறும் 0.7, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் பதிவு பெற்ற குடோனின் ரசீதில் அளவு, தரம், வைத்த நாளின் சந்தை மதிப்பு, வாடகை, காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், சரக்கு எத்தனை நாள் கெடாமல் தாங்கும் என்பது வரை எழுதச் சட்டம் சொல்கிறது. அந்தக் கெடு முடிந்தால் ரசீதின் ஆயுளும் முடிந்தது, இதைப் பலர் கவனிப்பதில்லை. அடுத்த முறை எங்கே போட்டாலும் ஈரத்தை உங்கள் கண்முன் பார்த்து ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமை ஆள்:

என் கதை நெல்லும் இல்லை, சோளமும் இல்லை. கோதுமை மொத்த வியாபாரி ஒருவரிடம் கணக்கு பார்க்கிறேன். 2023 ஜூனில் மத்திய அரசு கோதுமைக்கு இருப்பு உச்சவரம்பு போட்டது. எங்களைப் போன்ற மொத்த வியாபாரிக்கு 3000 டன். செப்டம்பரில் அது 2000, டிசம்பரில் 1000, அடுத்த பிப்ரவரியில் 500. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் சரக்கைக் கீழே கொண்டுவர 30 நாள் தந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் இருப்பைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் எனக்கு இந்தப் பெயர் வைத்தது என் மனைவி.

டிசம்பரில் ஒரு வெள்ளி, பதிவேட்டில் 1,040. முதலாளி பதறவில்லை. "அறுபது டன் வித்தாச்சேய்யா, காசும் வந்துருச்சு" என்றார். விற்றது சரி, ஆனால் வாங்கியவர் லாரி அனுப்பவில்லை, மூட்டை எங்கள் கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. நான் 980 என்று போட்டால், நாளைக்கு யாராவது வந்து எண்ணினால் 1,040 இருக்கும். 1,040 என்று போட்டால் வரம்புக்கு மேலே. கெடு இன்னும் முடியவில்லை என்பதால் 1,040 என்றே போட்டேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமை வாங்கியவரே லாரி அனுப்பினார், வரம்புக்குள் வந்தோம். எண்ணிப் பார்க்க யாரும் வரவில்லை, அது வேறு விஷயம்.

ஈட்டுக்கடன் அலுவலர்:

இங்கே எல்லோரும் ஆய்வுக்கு உள்ளானவர்கள். நான் ஆய்வுக்குப் போகிறவன். வங்கிக்கு அடமானமாக வந்த தானியத்தைக் குடோனில் போய்ப் பார்ப்பது என் வேலை.

அட்டியை எண்ணுவது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். அடி வரிசையில் எத்தனை, மேலே எத்தனை அடுக்கு, பெருக்கிக்கொள்ள வேண்டியது. ஒரு குடோனில் அடி வரிசையில் 120, இருபது அடுக்கு, அட்டியின் கணக்கு அட்டையில் 2,400. சரியாக இருந்தது. கீழேயே நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன். அன்று என்னவோ ஏணி கேட்டேன். ஏணி இல்லை என்றார்கள். இருபது அடுக்கு ஏற்றிய இடத்தில் ஏணி இல்லையா? சுமை தூக்குகிற ஒரு பெரியவர் பேசாமல் தன் தோளைக் காட்டினார், ஏறிவிட்டேன்.

மேல் வரிசையில் நடந்தபோது நடுவில் கால் அமுங்கியது. இரண்டு மூட்டையை நகர்த்தச் சொன்னேன். உள்ளே பதர் மூட்டைகள், அவற்றுக்குக் கீழே கிணறு மாதிரி வெற்றிடம். சுற்றுச்சுவர் மட்டும் நெல். அன்றிலிருந்து என் வண்டியில் ஒரு மடக்கு ஏணி இருக்கிறது.

இப்போது ரசீதெல்லாம் மின்னணு. 2017 செப்டம்பரில் தொடங்கியது, 2019 ஆகஸ்டிலிருந்து கைமாற்றத்தக்க ரசீது என்றால் மின்னணு மட்டும்தான். நாங்கள் கடன் கொடுத்ததும் ரசீதின் மேல் அடமானக் குறிப்பு ஏறிவிடும். நாங்கள் விடுவிக்காமல் சரக்கை எடுக்க முடியாது, அதே ரசீதை இன்னொரு வங்கிக்குக் காட்டவும் முடியாது. கணக்குப்பிள்ளை ஐயாவின் 47-ஆம் தாள் பிரச்சினை இனி இல்லை. பெரிய நிம்மதிதான். ஆனால் கணினி அட்டி மேல் ஏறாது.

புகைமூட்டம்:

பூச்சி மருந்து வைக்கிற ஆள். சுருக்கமாகச் சொல்கிறேன். அலுமினியம் பாஸ்பைடு வைத்து உறை போட்டால் குறைந்தது ஐந்தாறு நாள் யாரும் கிட்டே வரக்கூடாது. மூடிய தேதி, மாத்திரை எண்ணிக்கை, திறந்த தேதி, யார் திறந்தார்கள் என்று நான்கு கட்டம் பதிவேட்டில் உண்டு. நான் போன ஒரு இடத்தில் ஒரு அட்டிக்குத் திறந்த தேதி முன்கூட்டியே எழுதியிருந்தது, "நேரம் மிச்சம்" என்று. அன்று காலை உறை இன்னும் மூடித்தான் இருந்தது. பதிவேட்டைப் பார்த்துவிட்டு ஒரு லோடுமேன் உறையைத் தூக்கக் கை வைத்தார். கத்தி நிறுத்தினோம். எடைக் கணக்கில் தப்பு வந்தால் காசு போகும். இதில் ஆள் போயிருப்பார்.

சோளக்காட்டான்:

கணக்குப்பிள்ளை ஐயா, ஒன்று கேட்க விட்டுப்போனது. அந்த 47-ஆம் தாள் கிடைத்ததா இல்லையா? அதை வைத்து யாராவது கடன் வாங்கிவிட்டார்களா?

பழைய கணக்குப்பிள்ளை:

கிடைத்தது தம்பி, அன்றைக்கே. சாயங்காலம் ஆய்வாளர் கிளம்பும் முன் எங்கள் மேடைத் தராசைப் பார்க்க வேண்டும் என்றார். தொழிலாளர் துறையின் முத்திரை அந்த வருடத்துக்குப் போட்டிருந்தது, அதனால் நான் தைரியமாகக் கூட்டிப்போனேன். அவர் முத்திரையைப் பார்த்தார், குனிந்தார், தராசின் ஒரு காலுக்கு அடியிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை உருவினார். அதுதான் 47. தரை ஏறுமாறாக இருந்ததால் பையன் தராசுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறான்.

பிரித்துப் பார்த்துவிட்டு, "ரத்துன்னு எழுதிப் புத்தகத்துல ஒட்டுங்க" என்று என் கையில் கொடுத்தார். நான் பெருமூச்சு விட்டு அந்தத் தராசின் மேல் கை வைத்தேன். லொடக்கென்று ஆடியது. அவர் மறுபடி பேனாவின் மூடியைத் திறந்தார்.